ஊதாத விசில்

19.01.2013 சனி

இன்று முழு ஐஸ் அரங்கமும் என்னைத்தான் திட்டியது.

ஹொக்கி ஆட்டம், நான் நடுவர். உள்ளூர் அணிக்காரன் ஒருவன் தடியால் எதிராளியின் காலை வாரினான். கையை உயர்த்தினேன். ஆனால் வட்டு எதிரணியிடம். தவறு செய்த அணி வட்டைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தால்தான் விசில், அதுவரை ஆட்டம் ஓடும். எதிரணி அடித்தது. கோலைக் காக்கிற உள்ளூர் கோலியின் கால் கவசத்தில் பட்டுத் தெறித்தது. மறுபடி அடித்தார்கள். கோல்.

கோலி தொட்டவுடன் ஊதியிருக்க வேண்டுமாம். உள்ளூர் அணியின் பயிற்சியாளர் கபிரியேல் கண்ணாடித் தடுப்பில் குத்திக் குத்திக் கத்தினார். சும்மா பட்டால் மட்டும் காணுமா? சுவரிலும்தான் படுது, சுவரா விளையாடுது? போய்ச் சட்டத்தை வாசியும் என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

22.01 செவ்வாய்

கபிரியேலின் முறைப்பாடு வந்துவிட்டது. என் நடுவர் அட்டையைப் பறிக்கவேணுமாம்.

பறிக்கட்டும் பாப்பம்.

27.01 ஞாயிறு

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் உதயன் அண்ணை வேலை செய்கிற கடையில் சாப்பாடு. விசயத்தைச் சொன்னதும் குசினிக்குள் இருந்தபடியே நக்கல். "ஐஸ் மெஷின் திருத்தப் போனவர், இப்ப ஐஸுக்கு மேலை ஊரை ஆளுற விதானையார்." பிறகு தட்டை வைத்துவிட்டுத் தணிந்த குரலில், "வெள்ளையளோடை ஏன்டா கொழுவுறாய்?"

"நான் கொழுவேல்லை அண்ணை. விசில் ஊதேல்லை, அவ்வளவுதான்."

05.02 செவ்வாய்

விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் சங்கத்துக்காரர் மூன்று பேர். வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். என் தீர்ப்புச் சரி, கோல் நிற்கும். அட்டையும் போகாது.

ஆனால் பயிற்சியாளரோடு பேசிய விதம் பிழையாம். மன்னிப்பு எழுதித் தந்தால் இதோடு முடியும். இல்லையென்றால் ஒரு மாதத் தடை.

பக்கத்தில் ஆலீஸ், அன்றைய மற்ற நடுவர். எழுதிக் குடு என்று மேசைக்குக் கீழே காலால் தட்டினாள். எழுதினால் என்ன நடக்கும்? நாளைக்கு அந்தக் கடதாசியை ஆட்டி ஆட்டி, தீர்ப்புக்குத்தான் மன்னிப்புக் கேட்டான் என்பார்கள். எழுதமாட்டேன் என்றேன்.

வெளியே வந்து ஆலீஸ் சொன்னாள்: "நீ செய்தது சரி. ஆனா உன்னைச் சகிக்க ஏலாது."

ரெண்டும் உண்மை.

06.02 புதன்

லா கூர்னெவில் ஒரு களஞ்சியம், குளிர் அறை கொம்பிரெசர் பழுது, திருத்தினேன். அது வாய் காட்டாது.

16.02 சனி

ஆட்டம் இல்லை. வீட்டில் இருக்க விசர்தான் வருது. எழுதியிருக்கலாமோ?

இல்லை.

09.03 சனி

தடை முடிந்து முதல் ஆட்டம், அதே உள்ளூர் அணி. உன்னை வேணுமெண்டு போட்டிருக்கிறாங்கள் என்றாள் ஆலீஸ். போடட்டும்.

இரண்டாம் பகுதியில் அவர்களில் ஒருவன் எதிராளியைப் பிடித்திழுத்தான். கையை உயர்த்தினேன். எதிரணி அடித்தது. வட்டு கோலியின் கால் கவசத்தில் பட்டு முன்னால் விழுந்தது. ஊதவில்லை. கபிரியேல் நின்ற பக்கம் திரும்பவுமில்லை. தன் கோலிக்கு அவர் கத்துகிற குரல் மட்டும் கேட்டது.

"கையாலை அமத்து. இன்னும் ஊதமாட்டான், அமத்து."

கோலி குப்புற விழுந்து வட்டைக் கையுறைக்குள் அமத்தினான்.

ஊதினேன்.