என் ஷெட்டில் அவளுடைய கினிப்பன்றிகள்

மார்ச் 4

அடுக்களையில் இருந்த கூண்டைத் தூக்கி இன்று பின்புற ஷெட்டில் வைத்துவிட்டேன். என் மனைவி கோபித்துக்கொண்டு போன நாளிலிருந்து பொறுத்துப் பார்த்தேன், போதும். கினிப்பன்றியாம்! பன்றியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வாலில்லாத எலி. பாலிதீன் பை சரசரத்தால் மூன்றும் சேர்ந்து விசில் அடிக்கின்றன. ஒரு மனுஷன் தன் சொந்த வீட்டில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டைப் பிரிக்க முடியாதா?

ஷெட் என் பட்டறை. உடைந்த நாற்காலி, ஆடுகிற மேசை, முறிந்த கட்டில் எல்லாம் அங்கேதான் எழுந்து நிற்கும். அதில் ஒரு மூலையைக் கொடுத்திருக்கிறேன். அதுவே அதிகம்.

மார்ச் 5

போன அன்றைக்குப் படியிறங்கும்போது அவள் சொன்னதை எழுதி வைக்கிறேன். “செத்த மரத்தைத்தான் உங்களுக்குப் பார்த்துக்கத் தெரியும். உசுரோட இருக்கிறதைப் பார்த்துக்கத் தெரியாது.” அப்புறம் கேட்டருகே நின்று, “தம்பி வீட்ல இடமில்ல. தனியா வீடு கிடைச்சதும் வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் சாகடிச்சுடாதீங்க.”

சாகடிப்பேனாம். நான்!

ஒன்றுகூடச் சாகாது. அவள் வந்து பார்க்கிற அன்றைக்கு மூன்றும் கொழுகொழுவென்று நிற்கும். அப்படி இல்லாவிட்டால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன்.

மார்ச் 9

கூண்டில் விரிக்க எல்லோரும் காசு கொடுத்து எதையெதையோ வாங்குகிறார்களாம். என்னிடம் மூட்டை மூட்டையாக மரத்தூள் கிடக்கிறது. ரம்பத்தடியில் அள்ளி, கை நிறைய, மெத்தை மாதிரிப் போட்டேன். அவள்கூட இப்படிப் போட்டதில்லை.

மேனேஜர் அதன்மேல் உட்கார்ந்து என்னை முறைக்கிறது. பேர் வைத்ததெல்லாம் அவள்தான். வேலையே செய்யாமல் தின்கிறதே, அது மேனேஜர். வெள்ளையாக இருப்பது பஞ்சு. ஓயாமல் சத்தம் போடுவது மிக்ஸி.

மார்ச் 16

மழை. ஷெட் ஓரமாக ஒழுகுகிறது. கூண்டைச் செங்கல்மேல் ஏற்றினேன். அடுத்த வீட்டுப் பூனை ஜன்னலில் உட்கார்ந்து நோட்டம் பார்க்கிறது. வரட்டும். உளி என் கையில்தான் இருக்கிறது.

மார்ச் 22

மிக்ஸி தும்முகிறது. பை சரசரத்தது, மற்ற இரண்டும் ஓடி வந்தன. அது வரவில்லை.

மார்ச் 23

கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, “கூண்டுக்குள்ள என்ன போட்டிருக்கீங்க?” என்றார்.

“மரத்தூள். நல்ல தூள், என் பட்டறையிலயே வர்றது.”

“அதாங்க வினை. அந்தப் பொடி மூச்சுல போய் நெஞ்சைப் பிடிச்சிருக்கு. வார்னிஷும் அங்கேயேதான் அடிக்கிறீங்களா?”

அடிக்கிறேன் என்றேன். வேறே எங்கே அடிப்பது?

“ஒண்ணு வார்னிஷ், இல்லேன்னா இதுங்க. ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ ஆகாது.”

ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்து, கரைத்த தீவனம், கொய்யாச் சாறு. வாங்கி வந்து தூளையெல்லாம் அள்ளிக் கொட்டினேன். காய்ந்த புல்லை விரித்தேன். இத்தனை வருஷம் இந்தத் தூளில்தான் நான் மூச்சு விடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் ஒரு கை அகல எலி இல்லையே.

மார்ச் 24

முழுங்க மாட்டேன் என்கிறது. கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டால் பாதி என் சட்டையில் வழிகிறது. முழுங்கித் தொலை, சனியனே. உன்னைக் கும்பிடுகிறேன், முழுங்கு.

ஏன் இப்படிக் கெஞ்சறேன்? அவகிட்ட தோத்துப்போயிடுவேன்னா? அதுவும்தான். ஆனா அது மட்டும் இல்ல — இதுங்க இருக்கிற வரைக்கும் அவ ஒரு தடவையாவது இந்த வாசலுக்கு வந்தாகணும். இதுங்க போயிட்டா எதுக்கு வரணும்? என் மூஞ்சியைப் பார்க்கவா?

எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை, இருக்கட்டும்.

மார்ச் 27

வெள்ளரித் துண்டைக் கையிலிருந்து பிடுங்கித் தின்றது. விரலையும் சேர்த்துக் கடித்தது. கடி, தாயே, கடி.

ஏப்ரல் 10

பட்டறையைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். சாப்பாட்டு மேசைமேல் இப்போது இழைப்புளி. வார்னிஷ் வேலை எடுப்பதில்லை. ஷெட் முழுக்க அதுகளுக்கு. எதிரெதிரே ஜன்னல் வெட்டி, நெருக்கமான கம்பிவலை அடித்து, தேக்கில் கூண்டு. பதுங்க ஓர் அறை, ஏறி இறங்கச் சாய்வுப் பலகை.

பழுதுபார்க்கக் கட்டில் கொடுக்க வந்தவர் எட்டிப் பார்த்து, “எலிக்குத் தேக்குல வீடா?” என்று சிரித்தார்.

“உங்க மூட்டைப்பூச்சிக்கு நீங்க தேக்குலதானே குடுத்திருக்கீங்க” என்றேன். கட்டிலைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். போகட்டும்.

மே 2

மச்சான் வந்தான், கையில் ஓர் அட்டைப்பெட்டியோடு. “மாமா, அக்காவுக்கு வீடு கிடைச்சிருச்சு. இதுங்களை எடுத்துட்டு வரச் சொன்னா.”

“அட்டைப்பெட்டியிலயா? தெருமுனை தாண்டுறதுக்குள்ள கடிச்சு ஓட்டை போட்டுரும். உங்க அக்காவுக்குக் கால் இல்லையா? வந்து எடுத்துக்கச் சொல்லு.”

“ஏன் மாமா வீம்பு பண்றீங்க?”

வீம்புதான். என்னிடம் மிச்சம் இருப்பது அதுதான்.

மே 5

நாளைக்கு வருகிறாளாம். ஷெட்டைக் கழுவிவிட்டேன். சட்டையைத் தேய்த்தேன். அவ்வளவு சுத்தமான கூண்டுக்குப் பக்கத்தில் அழுக்குச் சட்டையோடு நிற்க முடியாது, வேறே ஒன்றும் இல்லை.

மே 6

கையில் மூங்கில் கூடையோடு வந்தாள். முதலில் அவள்தான் ஷெட்டுக்குள் போனாள். மூன்றும் ஓடி ஒளிந்துகொண்டன. பின்னால் என் செருப்புச் சத்தம் கேட்டதும் விசில், என்னா விசில்! அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“யார் கட்டினது இது?”

“பூதம் வந்து கட்டிட்டுப் போச்சு.”

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு கூண்டு விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். குத்துகிற மரச் சிலாம்பு ஏதாவது தட்டுப்படுமா என்று தேடினாள். கிடைக்காது.

“நான் சொன்னது தப்புங்க. நல்லா பார்த்துக்கறீங்க. இங்கேயே இருக்கட்டும். நான் இருக்கிறது மூணாவது மாடி, ஜன்னல்ல வெயில் நேரா அடிக்குது. இதுங்க தாங்காது.”

எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை! ஜெயித்துவிட்டேன். ஆனால் இனி எதற்கு வருவாள்?

“ஒண்ணையாவது எடுத்துட்டுப் போயேன்.”

“ஒண்ணு தனியா இருக்காதுங்க. ஏங்கிப் போயிடும். உங்களுக்குத் தெரியாததா?”

சொல்லிவிட்டு மிக்ஸியைக் கூண்டுக்குள் விட்டாள். பிறகு வெறுங்கூடையோடு போய்விட்டாள். தடுத்திருக்கலாம். கேட்டைத் திறந்துவிட்டேன்.

மே 8

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 9

ஷெட் வேலையில் மிஞ்சிய தேக்குச் சட்டங்கள் கிடந்தன. காலையில் அதுகளுக்குப் புல் வைத்துவிட்டு, மச்சானிடம் அவள் விலாசம் கேட்டு வாங்கி, டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். யாரும் கூப்பிடவில்லை. மூஞ்சியில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினால் சாத்தட்டும், நாளைக்கும் போவேன் என்று சொல்லிக்கொண்டேதான் மாடி ஏறினேன். மூச்சு வாங்கியது.

கதவைத் திறந்தாள். “என்னங்க?”

“ஜன்னல் அளவு எடுக்கணும். வெயிலுக்கு ஒரு தட்டி போட்டுத் தர்றேன்.”

என்னைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள்.

“செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க” என்றாள்.