மல்லிகா அக்காவின் கன்னம்

திண்டிவனம், வியாழன் இரவு.

இன்னைக்கு ஒன்பதாம் வகுப்புக்கு வெங்காயத் தோல் செல்லையும் மனுஷக் கன்னத்துச் செல்லையும் மைக்ராஸ்கோப்புல காட்டினேன். வெங்காயம் புதுசா உரிச்சது. என் கன்னத்தைச் சுரண்டச் சோம்பல்பட்டு, நெயில் பாலிஷ் பூசி மூடின பழைய ஸ்லைடு ஒண்ணை அலமாரியிலேர்ந்து எடுத்து வச்சேன்.

கிளியனூர் ஷகிலா பார்த்துட்டு, "உட்கரு கண்ணு மாதிரி நம்மளையே பாத்துக்கினு இருக்குது மிஸ்"ன்னா. "வெங்காயத்துக்குச் செல் சுவர் இருக்குது. இதுக்குத்தான் இல்லியே, எப்படிக் கலையாம இருக்குது?"

"செல் சவ்வு பிடிச்சு வச்சிருக்கும்"னு சொல்லிக்கினே லேபிளைப் பார்த்தேன். மல்லிகான்னு இருந்துச்சு. எங்க லேப் அக்கா. அவங்களைத் தை மாசமே எரிச்சாச்சு.

பெட்டியில அடுத்த ஸ்லைடுல என் பேரு. போன வருஷம் ஒரு நாள் ரெண்டு பேரும் ஒண்ணா கன்னத்தைச் சுரண்டி எடுத்தது. அதை நான் வச்சுப் பார்க்கல. நாக்கு மட்டும் கன்னத்து உள்பக்கத்தையே தடவிக்கினு இருக்குது.