தம்பியின் பெயரில் பதிந்த கடை

நீர்வேலி,
தை 22.

அன்பு மகன் பிரகலாதனுக்கு அப்பா எழுதுவது. கீரிமலையானின்ரை காவலிலை நானும் அம்மாவும் இருக்கிறம், அவவுக்கு முழங்கால் நோவு, எனக்கு வழமையான இருமல், மற்றும்படி குறையில்லை. நீயும் மருமகள் வினோஜாவும் உங்கை பனிக்குள்ளை சுகமாய் இருக்க வேணுமெண்டு விளக்கு வைக்கேக்கை நினைக்கிறம். ரெலிபோன் இருக்கக் கடிதம் என்னத்துக்கு எண்டு யோசிப்பாய். ரெலிபோன் உன்ரை அம்மாவின்ரை கையிலை, ஸ்பீக்கரிலை போட்டுத்தான் கதைப்பா, இது அவவுக்கு முன்னாலை என்னாலை சொல்ல ஏலாத கதை. உங்கை இருந்து லீவிலை வந்த உன்ரை சிநேகிதன் றொகான் வெள்ளிக்கிழமை திரும்புறான், மிளகாய்த்தூள் பெட்டிக்குள்ளை இதையும் வைச்சு விடுறன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதைக் கேட்டனான். வேலையை விட்டிட்டுச் சொந்தமாய் டைல் பதிக்கிற கொன்ராக் எடுக்கப் போறாய் எண்டது எனக்குச் சந்தோசம். பதினைஞ்சு வயசிலை சைக்கிள் கரியரிலை வாழைக்குலை கட்டி மருதனார்மடம் சந்தைக்குக் கொண்டு போனவன் நான், ஒருத்தனிட்டையும் கைநீட்டிச் சம்பளம் வாங்கினதில்லை. கணக்காளர் உனக்கு இரண்டு வழி சொன்னவராம், ஒண்டு தனி ஆளாய்ப் பதியிறது, சுகம், செலவில்லை, மற்றது கம்பனியாய்ப் பதியிறது, வருசா வருசம் செலவு, வரிக்கும் வேறை கடுதாசி. நீ சுகமான வழியை எடுக்கப் போறாய், அதுவும் வினோஜாவின்ரை பெயரிலை, ஏனெண்டால் உனக்கு ஏழரைச் சனி தொடங்கீட்டுது, உன்ரை பெயரிலை ஒண்டும் தொடங்காதை எண்டு அம்மா சொன்னவ. அதைக் கேட்டவுடனை நான் தேத்தண்ணிக் கோப்பையை வைச்சிட்டு எழும்பிப் போட்டன். அப்பா எங்கை எண்டு நீ கேட்க மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போட்டார் எண்டு அம்மா சொன்னா. மாடு வித்து நாலு வருசம்.

கேதீஸ் சித்தப்பாவின்ரை குடும்பம் எங்கடை வாசல் படலைக்குள்ளை வராததுக்கு வேலிப் பிரச்சினை எண்டுதான் உனக்குச் சொல்லி வைச்சிருக்கிறம். அது பொய். குலை மொத்த வியாபாரம் தொடங்கேக்கை எனக்கு ஏழரை. அண்ணையின்ரை பெயரிலை வேண்டாம், தம்பிக்குத்தான் குரு பார்க்கிறார் எண்டு சாத்திரியார் சொன்னார். கேதீஸ் சிரிச்சுக் கொண்டு, சனீஸ்வரன் வந்து விசாரிச்சால் அண்ணை இஞ்சை இல்லை எண்டு சொல்லி விடுறன் எண்டான். பிரதேச செயலகத்திலை தனிநபர் வியாபாரமாய் அவன்ரை பெயரிலை ஒரு காலமைக்குள்ளை பதிஞ்சு முடிச்சம். போட்ட முதலும் எடுக்கிற முடிவும் என்ரை, கையெழுத்து மட்டும் அவன்ரை. ஆறு வருசம் நல்லாத்தான் ஓடினது. பிறகு கொழும்பு மொத்தக்காரர் ஒருத்தர் பெரிய முற்பணம் தந்து, வருசம் முழுக்கக் குலை தர வேணும், அதுக்குப் பிணையும் வேணும் எண்டார். பராசக்தி சித்தியின்ரை சீதன வீட்டைப் பிணை வைக்கச் சொன்னது நான். அவ அடுப்படியிலை இருந்து மாக் கையைத் துடைச்சுக் கொண்டு வந்து, அத்தான் சொன்னால் சரி எண்டு வாசிக்காமலே கையெழுத்து வைச்சவ.

அந்த வருசக் கார்த்திகைப் புயல் நீர்வேலித் தோட்டம் முழுக்கப் படுக்கப் போட்டது. குலை இல்லை, வழக்கு வந்தது. தனி ஆளாய்ப் பதிஞ்சால் கடையும் ஆளும் சட்டத்துக்கு ஒண்டு மகன், கடையிலை பிடிக்க வேண்டியதை வீட்டிலை வந்து பிடிப்பினம். என்ரை பெயர் ஒரு கடுதாசியிலும் இல்லை. ஆனால் என்னட்டைக் காசு இருந்தது. உன்னை வெளிநாட்டுக்கு அனுப்ப எடுத்து வைச்ச காசு, அதைக் குடுத்து அந்த வீட்டை மீட்காமல் ஒளிச்சு வைச்சிருந்தன். நீ அப்ப கொழும்பிலை ஏஜென்சிக்காரனோடை அலைஞ்சு கொண்டிருந்தாய். வட்டிக்கு எடுத்து உன்னை அனுப்பினது எண்டுதான் அம்மா இண்டைக்கும் நம்புறா. இதை வாசிச்சு நீ உன்னை நோகாதை, உனக்கு ஒண்டும் தெரியாது, முடிவு என்ரை. வீடு போச்சுது. அதுக்குப் பிறகு நான் வேறை கடை என்ரை பெயரிலை போட்டன், கேதீஸ் மருதனார்மடத்திலை இன்னொருத்தன்ரை கடையிலை குலை இறக்கினான். என்னைக் கண்டால் தோளிலை குலையோடை நிண்டு, அண்ணை தேத்தண்ணி குடிச்சாச்சோ எண்டு கேட்பான். ஒரு நாள் ஏசியிருந்தால் காசைக் குடுத்திருப்பன் எண்டு நினைக்கிறன், அதுவும் பொய்யோ தெரியாது. இரண்டாம் வருசம் குலை இறக்கின இடத்திலையே விழுந்தான், ஆஸ்பத்திரிக்கு உயிரோடை போய்ச் சேரேல்லை. சனி ஆள் மாறிப் பிடிச்சிட்டுது எண்டு உன்ரை அம்மா அழுதா. அப்பிடி நினைச்சால் எனக்கும் ஆறுதல்தான், ஆனால் பிணைப் பத்திரம் எழுதுவிச்சது சனி இல்லை, நான்.

ஆனபடியால் சொல்லுறன், செலவைப் பாராமல் கம்பனியாய்ப் பதி. நீ பதிச்ச குளியலறையிலை இருந்து தண்ணி கீழ் வீட்டுக்குள்ளை இறங்கி ஆரும் வழக்குப் போட்டாலும் நீங்கள் படுத்தெழும்புற வீடு தப்ப வழியிருக்கும். அதோடை எல்லாம் சரி எண்டும் இருந்திடாதை, உன்ரை கைப்பிழைக்கு நீயே பதில் சொல்ல வேண்டி வரும், அதுக்குக் காப்புறுதி எடு. பாங்க்காரரும் சாமான் தாறவையும் கம்பனியை நம்பாமல் உன்ரை தனிக் கையெழுத்தும் கேட்பினம், ஒவ்வொரு வரியாய் வாசி. கம்பனிக் காசிலை வீட்டுக்கு மரக்கறி வாங்காதை. உங்கத்தைச் சட்டம் எனக்குத் தெரியாது, ஒரு வக்கீலுக்குக் காசு குடுத்துக் கேள். வினோஜாவுக்குப் பங்கு குடுக்கிறதெண்டால் குடு, அவ வாசிச்சு, விளங்கி, விரும்பினால். உன்ரை சனிக்குப் பயந்து அந்தப் பிள்ளையை முன்னாலை விடாதை.

நானும் இந்த வயசிலை கடையைக் கம்பனியாக்கப் போறன். பாதிப் பங்கு கேதீஸின்ரை மகள் மதுராவுக்கு எண்டு பத்திரம் எழுதுவிச்சு, போன கிழமை அவை வாடகைக்கு இருக்கிற கோண்டாவில் வீட்டுக்கு நானே கொண்டு போனன். பராசக்தி கதிரை தந்தா, தேத்தண்ணியும் தந்தா. கண்ணாடியைப் போட்டுக் கொண்டு முழுப் பத்திரத்தையும் ஒரு சொல்லு விடாமல் வாசிச்சா, நான் பார்த்துக் கொண்டிருந்தன். பிறகு மடிச்சு என்ரை கையிலை தந்து, எங்கடை வீட்டிலை இருந்து இனி ஒரு பெயரும் தர மாட்டம் அத்தான் எண்டா. சத்தம் போடேல்லை. நான் வெளிக்கிடேக்கை, நாய் கடிச்சுப் போடும் எண்டு படலை வரைக்கும் வந்து நாயைப் பிடிச்சுக் கொண்டு நிண்டா.

பத்திரம் அலுமாரியிலை இருக்குது, மதுராவின்ரை பெயர் இருக்கிற இடத்திலை வேறை ஆரையும் எழுத மாட்டன்.

நகுலேஸ்வரர் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைச்சிருக்க வேணும். பதியிறதுக்கு நல்ல நாள் அம்மா பார்த்துச் சொல்லுவா, அவவின்ரை மனசுக்காக அதைக் கேள், கையெழுத்து மட்டும் நீ வை. இதைக் கிழிச்சுப் போடாமல் வினோஜாவுக்கும் வாசிக்கக் குடு. பனிக்குக் காதை மூடிக் கொண்டு போ.

உன்ரை அப்பா,
க. சண்முகநாதன்