செல்வியின் காலுக்கு அடியில் இருந்த கை

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அஞ்சலை அக்காவுக்கு,

நீ போனபிறகு ஒரு கரும்பு வெட்டு முடிந்துவிட்டது. பேனா பிடிக்க எனக்கு வரவில்லை. நான் சொல்லச் சொல்ல உன் மகள் செல்விதான் இதை எழுதுகிறாள். கச்சிராயபாளையத்தில் உன் வாசலுக்குச் சுளுக்கோடு வருகிறவர்கள் இன்னும் குறையவில்லை. கால் முதலில் வந்து பிறந்தவள் நீ, உன் கால் பட்டால் எந்தப் பிடிப்பும் விட்டுவிடும் என்று ஊரே நம்பியது. நீயும்தான் நம்பினாய். குதிகாலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு என்ன மிடுக்காக மிதிப்பாய்! செல்வியும் அப்படியே பிறந்ததால் இப்போது அவள் காலைத் தேடி வருகிறார்கள்.

எனக்குத்தான் உடம்பு சரியில்லை. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. செருப்பு கழன்றுபோனது தெரியாமல் நடக்கிறேன். தலையைக் குனிந்தால் முதுகில் கரண்ட் அடிக்கிறது. கரும்புக்கட்டு சுமந்த கழுத்துதானே, பிடித்துக்கொண்டிருக்கும் என்று இருந்துவிட்டேன். கள்ளக்குறிச்சி டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்துக்குள்ளே தண்டுவடம் நசுங்கியிருக்கிறது, ஆப்பரேஷன் வேண்டியிருக்கும் என்றார். என் பெண்டாட்டி தனத்தைத்தான் உனக்குத் தெரியுமே, ஒரே பிடிவாதம்.

“கத்தி வெச்சி நீ படுத்துட்டின்னா யாரு பாத்துக்கறது? வூட்லயே கால வெச்சிக்கினு ஊரெல்லாம் ஏன் அலையணும்?” என்று செல்வியைக் கூட்டிவந்துவிட்டாள்.

நல்ல பகல் வெளிச்சம். பாயில் குப்புறப் படுத்தேன். செல்வி எண்ணெய் தடவிய காலைத் தூக்கினாள். தூக்கிய கால் கீழே இறங்கவில்லை.

“இன்னாடி நிக்கற? மெதுவா மிதி.”

“முடியல அத்தை. காலுக்கு அடியில யாரோ கைய வெச்சிக்கினு தடுக்கறாங்க.”

தனம் குனிந்து பார்த்தாள். என் கழுத்துக்கும் அவள் காலுக்கும் நடுவில் வெறும் காற்றுதான். மறுபடி வை என்றாள். மறுபடியும் இறங்கவில்லை. “ஜில்லுன்னு இருக்கு மாமா, காப்பு குத்துது” என்று செல்வி அழ ஆரம்பித்துவிட்டாள். எந்தக் காப்பு, அக்கா? கழற்ற வராமல் உன்னோடே அனுப்பிவைத்தோமே, அந்தச் செப்புக் காப்பா?

அன்றைக்குத்தான் தனம் ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தாள், பயத்தில். கள்ளக்குறிச்சி டாக்டர் எங்களைச் சேலத்துக்கு அனுப்பினார். சாதாரண ஸ்கேனில் நசுங்கிய இடம் மட்டும்தான் தெரியுமாம். உள்ளே நரம்பு நார்களில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்க்க அங்கே புது மாதிரி ஸ்கேன் இருக்கிறதாம்.

குழாய் மாதிரி இருந்த மிஷினுக்குள் தள்ளினார்கள். பறையடிப்பதுபோல் சத்தம். சத்தம் நின்ற இடைவெளியில் பிடரியில் ஜில்லென்று ஒரு வளையம் பட்டது. உடனே ஸ்பீக்கரில் கேட்டார்கள்: “ஐயா, கழுத்துல செயின், காப்பு ஏதாச்சும் விட்டுட்டீங்களா? படத்துல மறைக்குது.” வெளியே இழுத்துத் தடவிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. மறுபடி உள்ளே போனதும் நான் மெதுவாகச் சொன்னேன்: “அக்கா, கொஞ்சம் கைய எடு. படம் வுழணும்.” நீ எடுத்தாய். படம் சுத்தமாக விழுந்தது.

டாக்டர் கலர் கலராகக் காட்டினார். நாருக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்து வரைந்த படமாம். கோமுகி வாய்க்காலில் கரை சரிந்த இடம் மாதிரி, நடுவில் மெலிந்து கிடந்தது. “இன்னும் அறுந்து போகல. சீக்கிரம் ஆப்பரேஷன் பண்ணா இதுக்கு மேல கெடாம நிறுத்தலாம், கை கொஞ்சம் தேறவும் வாய்ப்பிருக்கு. இந்த எடத்துல யாராச்சும் மிதிச்சிருந்தா கை காலே போயிருக்கும்” என்றார். தனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “எப்பங்க கத்தி வெப்பீங்க?” என்று கேட்டாள்.

வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. உயிரோடு இருந்தவரை ஒரு கழுத்தையும் நீ வேண்டாமென்றதில்லை. இப்போது மட்டும் ஏன் தடுத்தாய்? கல்வராயன் மலையில் கடுக்காய் மரத்திலிருந்து விழுந்த ஒருவரைக் கட்டிலோடு தூக்கிவந்தார்களே, நினைவிருக்கிறதா? அவர் கழுத்தை நீ மிதித்தாய். அதற்கப்புறம் அவர் கையும் அசையவில்லை, காலும் அசையவில்லை, படுத்த படுக்கையாகவே கிடந்து செத்தும் போனார். மரத்திலிருந்து விழுந்தவர், விதி என்று எல்லோரும் சொன்னோம். அங்கே அவரைப் பார்த்தாயா, அக்கா? என்ன சொன்னார்?

செல்வியின் பேனா நின்றுவிட்டது. அவளுக்கு இது தெரியாது. தன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுது தாயி என்கிறேன்.

அடுத்த வாரம் ஆப்பரேஷன். அது முடிகிறவரை உன் கை என் கழுத்தில் இருக்கட்டும், எனக்குப் பயமாக இருக்கிறது. அப்புறம் எடுத்துவிடு. என் கை தேறினாலும் தேறாவிட்டாலும் உன் வாசலில் நான்தான் உட்கார்ந்திருப்பேன். கழுத்தைப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏற்றி அனுப்புவேன். இனி உன் மகள் கால் ஒருவர் கழுத்திலும் படாது. எத்தனை பேர் மிதியை நீ ஒருத்தியே கையில் தாங்குவாய்? உனக்கும் வலிக்குமே.

நீ காத்துக்கொடுத்த கழுத்தோடு,
உன் தம்பி