சிவப்பு அம்பு ஸ்டிக்கர்

கைப்பேசி உறையைக் கழற்றித் துடைக்கும்போது அந்தச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இன்றும் கண்ணில் பட்டது. ஓரம் சுருண்டு அழுக்கேறிவிட்டது. ஆனாலும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உனக்கு இல்லாமல் போன பிடிவாதம் அதற்கு இருக்கிறது.

கல்லூரியில் மனநலச் செயலியைக் கொண்டுவந்தபோது, சீனியர்களான எங்களிடம் ஆளுக்கு ஐந்து ஜூனியர்களை ஒப்படைத்தார்கள். என் ஐவரில் நீயும் ஒருத்தி. தினமும் நீங்கள் மனநிலையைப் பதிவு செய்வீர்கள். நாங்கள் பார்த்து, பேச வேண்டியவர்களிடம் பேச வேண்டும். நீ எப்போதும் தொடுவது ‘பரவாயில்லை’ என்ற பொத்தானைத்தான். நானும் ‘பார்த்தேன்’ என்பதைத் தொட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். பார்த்தேனாம்!

ஞாயிறுகளில் கைச்செலவுக்காக வேலைக்குப் போகும் வீரபாண்டி பனியன் கம்பெனியில், துணியைச் சோதிக்கும் செக்கிங் மேசைக்கு நீயும் நானும் எதிரெதிரே நிற்போம். ஓட்டையோ கறையோ இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டினால் அந்தத் துணி சரிசெய்யப் போகும். ஒட்டாவிட்டால் பாஸ். “எக்கா, கறுப்புத் துணியில டேமேஜே தெரிய மாட்டேங்கு. எல்லாம் பாஸாயிட்டே போவுது” என்று ஒருமுறை சொன்னாய்.

பிறகொரு ஞாயிறு மதியம், உன் சுடிதாரில் நெஞ்சுக்கு நேராக ஓர் அம்பை ஒட்டிக்கொண்டு வந்து நின்றாய்.

“எக்கா, இதச் சரி பண்ணிரலாமா?”

சிரித்தபடிதான் கேட்டாய். நானும் சிரித்தேன்.

“சூப்பர்வைசர் பாத்தாருன்னா உன்னயும் ரிஜெக்ட்ல போட்டுருவாரு கண்ணு” என்று அதைப் பிய்த்து என் கைப்பேசி உறையில் ஒட்டிக்கொண்டேன். அன்று மாலையும் நீ ‘பரவாயில்லை’. நான் ‘பார்த்தேன்’.

அந்த வாரமே உன் உயிரை நீயே மாய்த்துக்கொண்டாய். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கிட்டதான் ஒண்ணும் சொல்லல. ஒங்கிட்டயாவது எதுவும் சொன்னாளா தாயி?” என்று கேட்டார்.

“இல்லீங்கம்மா” என்றேன்.

பொய். நீ சொன்னாய். இடத்தைக் காட்டியே சொன்னாய்.

இப்போது வேறு ஐந்து பேர். ‘பரவாயில்லை’ என்று வந்தாலே நேரில் போய் நின்றுவிடுகிறேன். “ஏனுங்க்கா, நல்லாத்தானுங்க இருக்கேன்” என்று சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும். அதனால் நீ திரும்பி வரப் போவதில்லை, என் மனமும் ஆறப் போவதில்லை. உன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லத் துணிவில்லாமல் உங்கள் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

உறையை மாற்றச் சொல்லி வீட்டில் திட்டுகிறார்கள். துடைத்து அதையே மாட்டிக்கொண்டேன். ஒருமுறை பிய்த்தது போதும், கண்ணு.