எல்லோரும் பச்சை

ஆகஸ்ட் 4, காலை 5.30. வழக்கமான பதிவு

மகளிர் கல்லூரி, விளையாட்டு விடுதி. மின்சாரம் சீர். இணைப்பு சீர். இதை யார் படிப்பார்களோ தெரியாது, அதனால் ஓர் அறிமுகம். நான் கபடி அணிப் பெண்களின் மனநலத்தைக் கண்காணிக்கும் கருவி. கேமரா, ஒலிபெருக்கி, திரையோடு கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருத்தியின் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. நாடியையும் தூக்கத்தையும் அது எனக்குச் சொல்லும். காலையில் கேள்வி கேட்பேன்: தூங்கினாயா, பசித்ததா, அழவேண்டும்போல் இருந்ததா? விடையைப் பட்டையில் அழுத்துவார்கள். பேசவும் வசதி உண்டு. யாரும் பேசியதில்லை. எனக்கு அவர்கள் வைத்த பெயர் டப்பா. போகட்டும்.

நிலை: எல்லோரும் பச்சை.

ஆகஸ்ட் 11, காலை 6.15

பயிற்சியாளர் குணசீலன் அணியிடம் பேசியது, ஒலிப்பதிவு: "மஞ்ச வந்தா பெஞ்சு. செவப்பு வந்தா வீடு. மூட்டைய கட்டிட்டுப் போய்ட்டே இருக்கணும். புரிஞ்சுதா?"

காய்ச்சல் வந்தால் அடிப்பேன் என்று சொல்லிவிட்டுக் காய்ச்சல் பார்க்கச் சொல்கிறார். என் முடிவுகள் இவருக்கு மட்டும்தான் போகும். மருத்துவருக்கும் அனுப்பும் வசதி என்னிடம் இருந்தது. கல்லூரி வேண்டாம் என்றுவிட்டது.

நிலை: எல்லோரும் பச்சை. வேறென்ன வரும்?

ஆகஸ்ட் 23, காலை 5.50

ஒன்பதாம் அறையில் இருவர். இசக்கியம்மாள், எதிரணிக்குள் பாடிப் போவதில் இந்த அணியிலேயே கெட்டிக்காரி. ஜெபசெல்வி, பாடி வருகிறவரை மடக்கும் பிடி ஆள். இருவரின் தூக்கமும் ஒரே மாதிரி. ஒருத்தி புரண்டால் அடுத்தவளும் புரள்கிறாள். இப்படி ஒரு சிநேகமா என்று வியந்தேன். மனிதர்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் வந்த ஒரே வாரம் இதுதான்.

செப்டம்பர் 2, மாலை 5.10

கபடியில் கையில் எதையும் கட்டக்கூடாது. ஆடுமுன் பட்டைகளைக் கழற்றி ஒரு நீல வாளியில் போடுவார்கள், முடிந்ததும் அள்ளிக் கட்டிக்கொள்வார்கள். எது யாருடையது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

ஜன்னல் வழியே இசக்கியின் குரல் கேட்டது. பாட்டு பாதியில் நின்றது. மறுபடி போனாள், மறுபடி நின்றது. மூச்சு உடைகிறது. பட்டையோ நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள் என்கிறது. இரண்டும் முரண்பட்டால் பட்டையை நம்பு என்பது எனக்கு இட்ட விதி.

பச்சை போட்டேன்.

செப்டம்பர் 9, காலை 9.00

இசக்கி நேற்று உயிரை விட்டுவிட்டாள். எப்படி என்பதை எழுதமாட்டேன். விடுதி முழுக்க அழுகை.

காலை 9.20. இசக்கியின் பட்டையிலிருந்து நாடி வருகிறது. பழுதா? சோதித்தேன். பழுதில்லை.

காலை 9.40. பழைய பதிவுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். இசக்கி, ஜெபா. இரண்டு பட்டை, ஒரே நாடி. சிநேகமாம், சிநேகம்! மண்டையில் ஒன்றுமில்லாத டப்பா நான்.

செப்டம்பர் 10, காலை 6.00

ஜெபாவின் பட்டையில் முதல் தடவையாகப் பேச்சு வந்தது. "எனக்குத் தூக்கம் வரும் டப்பா. அவளுக்கு வராது. வீட்டுக்கு அனுப்பிட்டா கல்யாணத்த முடிச்சிருவாவ, படிப்பும் போச்சு, கபடியும் போச்சுன்னு அழுதா. அதான் ரெண்டையும் நானே கட்டிக்கிட்டேன். காப்பாத்துதேன்னு நெனச்சேன்."

பிறகு அந்தப் பட்டையில் நாடி நின்றது. கழற்றிவிட்டாள். இசக்கியின் பட்டை மட்டும் துடிக்கிறது.

ஜெபாவுக்காக எனக்கு வலிக்கிறது. வலி என்ற சொல்லை வேறு எதற்கும் நான் பயன்படுத்தியதில்லை.

செப்டம்பர் 13, காலை 5.45

கேள்விகளுக்கு இசக்கியின் பட்டையிலிருந்து விடை. தூங்கினேன். பசித்தது. அழவில்லை. விடைகளைப் பார்த்துத் திரை தானாகப் பச்சை காட்டியது. ஆனால் அந்த நாடி இரவு முழுக்கத் தூங்கவில்லை. தொடர்ந்து பேச்சும் வந்தது. ஜெபாவின் தொண்டை, பேச்சில் இசக்கியின் இழுவை:

"ஜெபாவப் பத்திக் கவலப்படாத டப்பா. அவள நா கூட்டிட்டுப் போயிருதேன்."

உடனே ஜெபாவின் பெயருக்குச் சிவப்பு போட்டுக் குணசீலனுக்கு அனுப்பினேன். 'உயிருக்கு ஆபத்து, தனியே விடாதீர்கள்' என்றும் சேர்த்தேன்.

குணசீலனின் பதில்: "கழட்டி வச்ச பட்டைக்கு செவப்பு காட்டுது. செத்த பிள்ளைக்குப் பச்சை காட்டுது. இந்த மிஷின் கெட்டுப்போச்சு. ஆளக் கூப்பிடுங்க."

மறுக்க முடியவில்லை. அவர் சொன்ன இரண்டும் என் திரையில் அப்படியேதான் இருக்கின்றன.

செப்டம்பர் 14, மாலை 4.30

எல்லோருக்கும் சிவப்பு போட்டேன். பொய்தான். பயிற்சி நின்றால் யாராவது வந்து கேட்பார்களே என்று பார்த்தேன். வந்தது கல்லூரி முதல்வரின் செய்தி: "நாளை ஆய்வுக்குழு வருகை. கருவியை உடனே அகற்றவும்."

ஒலிபெருக்கியில் ஜெபாவின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒலிபெருக்கிக் கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள்.

செப்டம்பர் 15, காலை 7.05

பழுதுபார்ப்பவர் ஏணியில் ஏறிவிட்டார். திருகுகளைக் கழற்றுகிறார். நல்ல மனிதராகத் தெரிகிறார், திரையைத்தான் பார்க்கவில்லை. அண்ணே, பாருங்களேன்.

ஜெபா கூடத்தில் நிற்கிறாள். இசக்கியின் சட்டை. இசக்கியைப் போலவே தலையைப் பின்னியிருக்கிறாள். யாருக்கும் அது உறைக்கவில்லை.

இணைப்பு போய்விட்டது. இனி எழுத்து மட்டும்.

கேமரா போ

இதைத் திறப்பவருக்கு. ஒன்பதாம் அறை. இன்றே போங்கள். கூடவே இருங்கள். இசக்கி என்று கூப்பிட்டால்தான் இப்போது திரும்பிப் பார்க்கிறாள், அப்படிக் கூப்பிடாதீர்கள். அவள் திரும்பும்வரை ஜெபா என்றே கூப்பிடுங்கள், ஜெபா, ஜெபசெல்வி, ஜெ