இடம் மாறிய ஸ்கேன் படங்கள்

புதன்கிழமை, இரவு.

இன்று ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டினார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவர்களின் பழைய ஸ்கேன் படங்களை நான்கு ஆஸ்பத்திரிகளிலிருந்து சேர்த்து, மருந்து எப்படி வேலை செய்தது என்று ஆராய்கிறார்களாம். என் சம்மதமும் வேண்டுமாம்.

“கைரேகை வெச்சா போதும் லா, அங்கிள்,” என்றாள் மிஸ்ஸி, தாளை நீட்டிய நர்ஸ்.

“இப்ப எனக்குப் படிக்கத் தெரியும்மா. உட்காரு.”

எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவளுக்குக் கொட்டாவியே வந்துவிட்டது. மருந்துக்கு முன் எடுத்த படம் நவம்பர் என்று போட்டிருந்தது.

“இது தப்பு. நவம்பர்ல என் தலையில ஒரு முடி இல்ல. தீபாவளிக்கு எண்ணெய எங்க வைக்கிறதுன்னு என் பொண்டாட்டியே சிரிச்சா. மருந்து ஏத்தித்தானே எல்லாம் கொட்டுச்சு?”

மிஸ்ஸி டாக்டரை அழைத்து வந்தாள். அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார். முன் படமும் பின் படமும் இடம் மாறியிருந்தன.

“நல்லவேளை அங்கிள். மருந்தால கட்டி பெருசாச்சுன்னு எழுதியிருப்போம்.”

“மத்தவங்க தாளையும் பாருங்க, டாக்டர்.”

பார்ப்பதாகச் சொன்னார். பார்ப்பார் என்றுதான் நினைக்கிறேன். திருத்திய பிறகே கையெழுத்துப் போட்டேன்.

என்னைப் பிழைக்க வைத்த மருந்து அது. அதற்குக் கெட்ட பெயர் வர விடுவேனா?